பிரதேசத் தொல்லியலாளரின் உழைப்பு
எச். டி. சங்காலியாவும் பூனாத் தக்கணக் கல்லூரி மரபும் பற்றிய சில குறிப்புகள்

1

பண்டைத் தமிழிலக்கியத்தின் சமூகப் பின்னணியை ஆராய முற்படும் இலக்கிய மாணவர் தொல்லியலாளரின் முடிவுகளை எடுத்தாள்வது இன்று பெருவழக்காகிவிட்டது. இரும்பின் பயன்பாடு, நெல் வேளாண்மை, முதுமக்கள் தாழி, பெருங்கற்பண்பாடு ஆகிய தொடர்கள் நமது ஆய்வுக் கட்டுரைகளில் தாராளமாக இடம்பெறுகின்றன. ஆயின் அம்முடிவுகள் எத்தகைய உழைப்பினூடாக உருவாகின்றன என்ற வினாவை நாம் எழுப்புவதில்லை. சந்தைக்கு வரும் பண்டம் தன்னுள் அடங்கியிருக்கும் உழைப்பை மறைத்துக் கொண்டு நிற்கிறது என்று மார்க்ஸ் கூறியது அறிவுத்துறைப் பண்டங்களுக்கும் பொருந்தும். ‘அகழ்வாய்வு காட்டுகிறது’ என நாம் ஒரு வரியில் எழுதிச் செல்லுமிடத்து, ஒரு மனிதர் பத்து ஆண்டுகள் ஆற்றோரங்களில் நடந்த நடையும், கூடை சுமந்தோரின் நாட்கூலியும், ஓடு கழுவிய மாணவரின் தவணை விடுமுறைகளும் அவ்வரிக்குள் மறைந்து கிடக்கின்றன.

இலக்கிய ஆய்வாளருக்கு இதிலென்ன அக்கறை எனக் கேட்கலாம். ‘தமிழ் வீரயுகக் கவிதை’ பற்றிய ஆய்வினைப் பேர்மிங்காம் பல்கலைக்கழகத்திற் செய்த கைலாசபதிக்கு நெறியாளராக இருந்தவர் ஜோர்ஜ் தொம்சன். கிரேக்க நாடகத்தையும் காவியத்தையும் விளக்குவதற்கு ஈஜியப் பகுதியின் அகழ்வுகளை நுணுகிப் படித்தவர் அவர். திணைக் கோட்பாட்டின் பொருளியல் அடித்தளம் பற்றிச் சிவத்தம்பி எழுப்பிய வினாக்களுக்கும் முழுமையான விடையை ஏடுகளிலிருந்து மட்டும் பெறவியலாது. ஆகவே தொல்லியலாளரின் தொழில் எவ்வாறு நடைபெறுகின்றது என்பதை அறிந்துகொள்ளுதல் நமக்குப் பொழுதுபோக்கான விடயமன்று. நாம் பயன்படுத்தும் சான்றின் வலிமையையும் வலுவின்மையையும் எடைபோடுவதற்கு அது இன்றியமையாததாகும்.

இங்கு நாம் எடுத்துக்கொள்வது பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பிரதேசத் தொல்லியலாளரை. இவர் அரசின் தொல்லியல் அலுவலரினின்றும் வேறுபட்டவர். இந்தியாவில் 1861 இலும் இலங்கையில் 1890 இலும் தொடங்கப்பட்ட தொல்பொருள் ஆய்வு நிறுவனங்கள் குடியேற்ற ஆட்சியின் தேவைகளோடு பிணைந்தவை. பெருங் கட்டடங்கள், கல்வெட்டுகள், தலைநகரங்கள், வழிபாட்டிடங்கள் ஆகியவற்றைப் பேணுதலே அவற்றின் முதற்பணி. பேணப்பட வேண்டிய பொருள் எது என்பதை முன்னரே தீர்மானித்துவிட்ட ஒரு நிர்வாக முறை அது. பல்கலைக்கழகத்தின் பிரதேசத் தொல்லியலாளரோ ஓர் ஆற்றுப் படுகையை, ஒரு மாவட்டத்தை எடுத்துக் கொள்கிறார். அங்கு அரண்மனை இருந்தாற்றான் வரலாறு உண்டு என்ற எண்ணம் அவருக்கில்லை, இருத்தலாகாது. எனினும் நடைமுறையில் இவ்வேறுபாடு எந்த அளவிற்குப் பேணப்பட்டது என்பதைத் தனி ஒருவரின் வாழ்க்கையை வைத்தே நோக்க வேண்டும். அதற்குப் பொருத்தமானவர் ஹஸ்முக் தீரஜ்லால் சங்காலியா.

2

சங்காலியா 1908 இல் பம்பாயில், குஜராத்திக் குடும்பமொன்றிற் பிறந்தார். பம்பாய் சென் சேவியர் கல்லூரியில் ஹெராஸ் பாதிரியாரிடம் பயின்றார். (சிந்துவெளி எழுத்துகளைத் திராவிட மொழியின்பாற்பட்டனவாகக் கொண்டு வாசிக்க முயன்றமையால் தமிழுலகு நன்கறிந்த அதே ஹெராஸ்தான்.) சங்காலியாவின் முதுகலை ஆய்வு நாலந்தாப் பல்கலைக்கழகம் பற்றியது, அது 1934 இல் நூலாயிற்று. பின்னர் இலண்டன் சென்று 1936 இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். குஜராத்தின் தொல்லியல் பற்றிய அந்த ஆய்வேடு 1941 இல் வெளிவந்தது. இலண்டனில் இருந்த காலத்தில் மோட்டிமர் வீலர் மெய்டன் காசில் என்னுமிடத்தில் நடாத்திய அகழ்விற் பங்குகொண்டு களப்பயிற்சி பெற்றமை பிற்கால வளர்ச்சிக்கு அடிகோலியது.

கோயில், கல்வெட்டு, நாணயம், அரச மரபு: இவையே அவரது கல்வியின் உள்ளடக்கம். அதாவது ஆளும் வர்க்கம் தன்னைப் பற்றித் தானே விட்டுச் சென்ற சான்றுகள். அத்தகைய கல்வி பெற்ற ஒருவர் கற்கருவிகளையும் உடைந்த சட்டிகளையும் தேடி ஆற்றங்கரைக்குச் சென்றது எவ்வாறு?

இதற்கு அவருடைய ஆர்வம் மட்டும் காரணமன்று. பூனாவின் தக்கணக் கல்லூரி 1821 இல் தோன்றிய பழைய நிறுவனம். 1934 இல் மூடப்பட்டு, 1939 இல் பட்டமேற்படிப்பு ஆய்வு நிறுவனமாக மீளத் திறக்கப்பட்டது. மொழியியல், வரலாறு, சமூகவியல் என்பன ஒரே கூரையின்கீழ் இடம்பெற்றன. காத்ரே மொழியியலையும், ஐராவதி கார்வே சமூகவியல் - மானிடவியலையும், சங்காலியா பண்டைய இந்திய வரலாற்றையும் பொறுப்பேற்றனர். பட்டதாரி வகுப்புகளுக்குக் குறிப்புச் சொல்லும் சுமையின்றி ஆய்வே தொழிலாக வாய்த்தமை ஒரு வாய்ப்பு. அதேவேளை பெருந்தலைநகர்களை அகழ்வதற்கான நிதியோ அதிகாரமோ அத்தகைய சிறு நிறுவனத்துக்குக் கிடையாது. ஹரப்பாவும் தட்சசீலமும் மத்திய அரசின் கைகளில் இருந்தன. பல்கலைக்கழகத் தொல்லியலாளருக்கு எஞ்சியிருந்தது அயற்கிராமந்தான். வறுமையே ஒரு முறையியலைத் தோற்றுவித்தது என்றாற் பிழையாகாது.

பூனாவின் சுற்றுப்புறங்களில் நடந்து திரிவதிலேயே அப்பணி தொடங்கிற்று. 1941 இல் இந்தியத் தொல்லியல் ஆய்வு நிறுவனத்தின் தலைமைப் பணிப்பாளராகவிருந்த கே. என். தீட்சித்தின் தூண்டுதலால், முன்னர் புறூஸ் பூட் கற்கருவிகள் கண்ட சபர்மதிப் பள்ளத்தாக்கிற்குச் சங்காலியா சென்றார். வட குஜராத்தில் லாங்னாஜ் என்னும் ஊரின் மணல்மேட்டில் நுண்கற்கருவிகளும், காண்டாமிருகம் உள்ளிட்ட விலங்குகளின் எலும்புகளும், பின்னர் மனித எலும்புக்கூடுகளும் கிடைத்தன. எலும்புக்கூடுகளை ஆராய ஐராவதி கார்வே உடனிருந்தார். இருவரும் இணைந்து 1949 இல் அமெரிக்க மானிடவியல் இதழொன்றில் எழுதினர். வரலாற்றுப் பேராசிரியரும் மானிடவியலாளரும் ஒரே குழிக்குள் இறங்கிநின்ற இந்நிகழ்ச்சி துறைகளுக்கிடையே வேலிபோட்டுப் பழகிய நமது பீடங்களுக்குப் படிப்பினையாகும்.

அதே 1949 இல் குஜராத்துக் கல்வெட்டுகளில் வரும் இடப்பெயர்களையும் மக்கட்பெயர்களையும் தொகுத்து, குடியிருப்புகளின் வரலாற்றுப் புவியியலை ஆராயும் நூலொன்றினையும் அவர் வெளியிட்டார். அரசன் பெயருக்காகவே கல்வெட்டை வாசித்து வந்த சூழலில், தானம் பெற்ற ஊரின் பெயர் என்ன, எல்லையிலிருந்த குளத்தின் பெயர் என்ன என்று கேட்டமை குறிப்பிடத்தக்கது. இடப்பெயராய்வில் ஈடுபடும் தமிழ் மாணவர் இந்நூலைத் தேடிப் படிப்பது நன்று.

3

இனி, அன்றாடத் தொழிலுக்கு வருவோம்.

மாரி ஓய்ந்து பயிர் அறுவடையாகும் மாதங்களே களப்பணிக்கு உகந்தவை. தக்கணத்தில் ஐப்பசி, கார்த்திகை முதல் மாசி, பங்குனி வரை அது நடைபெறும். முதலில் மேலாய்வு. நில அளவைப் படத்தைக் கையிலெடுத்து, ஆற்றின் ஒரு கரையால் ஏறி மறுகரையால் இறங்க வேண்டும். ஊராரிடம் ‘பழைய சாமான் ஏதும் இருக்கிறதா?’ என்று கேட்டால் பெரும்பாலும் கோயிலையே காட்டுவர். அதனினும் பயன்தரும் வினாக்கள் உள. வெள்ளை மண் எங்கே எடுக்கிறீர்கள்? வயலுக்கு எருவாகச் சாம்பல் மண் வெட்டும் மேடு எது? மகாராட்டிரத்தில் பழங்குடியிருப்பு மேடுகள் ‘பாண்டரி’ எனப்படும் வெண்மண் மேடுகளாக உழவரின் வாய்வழக்கிலேயே இடம்பெற்றவை. உழவனுக்கு அது நல்ல மண்; தொல்லியலாளருக்கு அது மூவாயிரம் ஆண்டுச் சாம்பல், சாணம், சுவர் இடிபாடு. ஒரே மண்ணை இருவர் இருவேறு தேவைகளுக்காக அறிந்திருக்கின்றனர். முன்னவரின் அறிவின்றிப் பின்னவரின் அறிவு தொடங்குவதில்லை.

மேட்டில் கிடக்கும் ஓடுகளைப் பொறுக்கிப் பையிலிட்டு, ஊர்ப் பெயரும் நாளும் எழுதிய சீட்டினை உள்ளே வைத்துக் கட்ட வேண்டும். சீட்டில்லாத ஓடு வெறும் ஓடு. இதனை மாணவர் உணர்ந்துகொள்ள ஒரு பருவம் பிடிக்கும்.

அகழத் தேர்ந்தெடுத்த மேட்டினைச் சதுரங்களாகப் பிரித்து, சதுரங்களுக்கிடையே மண்சுவர்களை வெட்டாது விட்டு இறங்குவது வீலரின் முறை. வெட்டாது விடும் சுவரின் முகத்தில் மண்படைகள் ஒன்றன்மேலொன்றாகத் தெரியும். மேலிருந்து கீழாக அவற்றுக்கு எண்ணிட்டு, ஒவ்வொரு படையிலும் கிடைத்தவற்றை வேறுபிரித்துக் கூடைகளில் இடுவர். மணி, செம்புத்துண்டு, சுடுமண் உருவம் போன்ற சிறுபொருளாயின் நீளம், அகலம், ஆழம் என்ற மூவளவுகளையும் இடாப்பிற் பதிவர். மாலையில் கூடைகள் முகாமுக்கு வரும். ஓடு கழுவுதல், காயவைத்தல், ஒவ்வொன்றின் உட்புறத்திலும் மையினால் இடக்குறியும் படையெண்ணும் எழுதுதல், வகைபிரித்தல், எண்ணுதல், விளிம்புகளை வரைதல். இவற்றுள் ஒன்றும் பத்திரிகைச் செய்திக்கு உதவாது. ஆயின் காலக் கணிப்பு முழுவதும் இதன்மீதே நிற்கிறது. படைகளை மாற்றி எண்ணிவிட்டால் கதிரியக்கக் கரிமக் கணிப்பும் பயன் தராது. பொருந்தாத கரித்துண்டுக்குப் பொருந்தாத ஆண்டே கிடைக்கும்.

அகழ்வு என்பது அழிவுமாகும். ஒரு படையை இருமுறை தோண்டவியலாது. புத்தகத்தைப் படித்துக்கொண்டே ஏடுகளைக் கிழித்தெறிவதை ஒத்தது இது. எனவே பதிவும் அறிக்கையும் அகழ்வுக்குப் பின்னிணைப்பல்ல. அகழ்வின் நியாயமே அவைதாம்.

முகாமில் ஒரு வர்க்கப் பிரிவினையும் உண்டு. குந்தாலி பிடிப்பவரும், சிறு கத்தியால் மண் சுரண்டுபவரும், கூடை சுமக்கும் பெண்களும் அயலூரின் கூலி உழைப்பாளர். நிலமற்றோராகவோ சிறு நிலமுடையோராகவோ இருப்பதனாலேயே அவர்கள் அறுவடைக்குப் பின் இத்தொழிலுக்குக் கிடைக்கின்றனர். படைமாற்றத்தை முதலில் உணர்வது பெரும்பாலும் அவர்களது கைகளே: மண் இறுகுவதையும் இளகுவதையும் கருவி சொல்லும். பெரும்பாலான அகழ்வறிக்கைகளில் அவர்கள் ‘தொழிலாளர்’ என்ற ஒற்றைச் சொல்லாக அடங்கிவிடுகின்றனர். பானை செய்த குயவரின் பெயர் தெரியாதது காலத்தின் குற்றம். பானையைக் கண்டெடுத்தவரின் பெயர் தெரியாதது நமது குற்றம்.

4

சங்காலியாவும் அவர்தம் உடன்பணியாளரும் அகழ்ந்த இடங்களின் வரிசையை விரிவாகச் சொல்ல இடமில்லை. கோலாப்பூரின் பிரம்மபுரி (1945-46), நாசிக் - ஜோர்வே (1950-51), நர்மதைக்கரையின் மகேசுவர் - நவ்தாதோலி (1952-53, 1957-59), பிரவராக் கரையின் நெவாசா (1954-56), உதயப்பூருக்கு அண்மைய ஆஹார் (1961-62) என்பன முக்கியமானவை. நெவாசாவை மராட்டிய மக்கள் ஞானேசுவரர் கீதைக்கு உரை செய்த தலமாகப் போற்றுவர். அவ்வூர் மேட்டின் அடியில் செப்புக்காலக் குடியிருப்பும், அதனினும் தொன்மையாக ஆற்றுப்படுகைக் கூழாங்கற் படையில் பழங்கற்காலக் கருவிகளும் உள்ளன என அகழ்வு காட்டிற்று. அறிக்கைக்கு ‘நெவாசாவில் வரலாற்றிலிருந்து வரலாற்றுக்கு முந்திய காலம்வரை’ எனத் தலைப்பிட்டனர். இறங்கிச் செல்லும் ஒழுங்கிலேயே தலைப்பும் அமைந்தது.

ஜோர்வே ஒரு சிற்றூர். செந்நிறப் பரப்பில் கறுப்பு ஓவியந் தீட்டிய மட்பாண்டங்களும் தட்டையான செம்புக் கோடரிகளும் அங்கு கிடைத்தன. இன்று மகாராட்டிரத்தின் முக்கியமான செப்புக் கற்காலப் பண்பாடொன்று ‘ஜோர்வே பண்பாடு’ என அச்சிற்றூரின் பெயரால் அறியப்படுகிறது. ஜோர்வேக்கு முன்பு, கற்காலத்துக்கும் மௌரியருக்குமிடையே தக்கணத்தின் வரலாறு பெரும்பாலும் வெற்றிடமாகவே இருந்தது. வெற்றிடத்தை நிரப்பியது அரசனல்லன், உழவன்.

அதன் முழுமையான வெளிப்பாடு இனாம்காவ். பூனாவின் கிழக்கே கோட் ஆற்றின் கரையிலுள்ள இம்மேட்டில் 1968 முதல் பதினான்கு, பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து அகழ்வு நடைபெற்றது. செங்குத்தாகக் குழியிறக்கிக் கால வரிசையை அறிவதுடன் நின்றுவிடாது, குடியிருப்பைப் பரப்பாகத் திறந்து பார்க்கும் முறை இங்கு கையாளப்பட்டது. இவ்வேறுபாடு முக்கியமானது. குழி, காலத்தைச் சொல்லும். பரப்பு, சமூகத்தைச் சொல்லும். ஏறத்தாழ கி.மு. 1600 முதல் கி.மு. 700 வரை நீடித்த அவ்வூரில் நூற்றுக்கு மேற்பட்ட வீடுகள் வெளிப்பட்டன. பெரும்பாலானவை சிறியவை. ஒன்று மட்டும் ஐந்து அறைகள் கொண்டது; அதனருகே தானியக் களஞ்சியம். ஆற்றுநீரைத் திருப்பும் வாய்க்காலும் கல்லும் மண்ணும் கொண்ட அணையும் இருந்தன. வாற்கோதுமை முக்கிய பயிர்.

இறந்த குழந்தைகளை இரண்டு தாழிகளுள் வைத்து, அவற்றின் வாய்கள் பொருந்தும்படி கிடத்தி வீட்டின் தரைக்குள்ளேயே புதைத்தனர். வளர்ந்தோரைக் கிடத்திப் புதைக்கையில் கணுக்காலுக்குக் கீழே பாதங்களை வெட்டினர். இறந்தோர் எழுந்து அப்பால் நடந்துவிடாதிருக்க என்று இதற்கு விளக்கங் கூறுவர். ஆயின் ஒருவரது பாதங்கள் வெட்டப்படவில்லை. நான்கு கால்கள் கொண்ட பெருந்தாழியொன்றினுள் அமர்ந்த நிலையில் அவர் வைக்கப்பட்டிருந்தார். வீட்டின் பரப்பிலும், களஞ்சியத்தின் அண்மையிலும், ஈமச்சடங்கின் விதிவிலக்கிலும் ஒரே செய்தி ஒலிக்கிறது: மிகை உற்பத்தி ஒரு சிலரின் கட்டுப்பாட்டுக்குள் வரத் தொடங்கிவிட்டது. எழுத்தில்லாத, அரசில்லாத ஒரு சிற்றூரில் சமூக ஏற்றத்தாழ்வு அரும்புவதை இவ்வளவு துலக்கமாகக் காட்டும் அகழ்வுகள் தென்னாசியாவில் மிகச்சில. கி.மு. 1000 அளவில் நிலைமை மாறுகிறது. நீள்சதுர வீடுகள் மறைந்து வட்டக் குடிசைகள் வருகின்றன. வேளாண்மை சுருங்கி வேட்டையும் மேய்ச்சலும் பெருகுகின்றன. காலநிலை வறண்டமை காரணமாகக் கூறப்படுகிறது. வறட்சி ஒரு காரணமாகலாம். எனினும் களஞ்சியத்தை வைத்திருந்தவர் வறட்சிக் காலத்தில் என்ன செய்தார் என்ற வினாவையும் நாம் கேட்டே ஆகவேண்டும். அகழ்வறிக்கை அதை அதிகம் கேட்கவில்லை.

இவ்வகழ்வுகளுக்கு இணையாக நடைபெற்றது ஆய்வேடுகளின் பெருக்கம். ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு மாவட்டத்தை அல்லது ஆற்றுப் படுகையைப் பிரித்துக் கொடுத்து, கற்காலம் முதற்கொண்டு அதன் தொல்லியலை முழுமையாக மேலாய்வு செய்வித்தார் சங்காலியா. பெல்லாரியின் கற்காலப் பண்பாடுகளை ஆராய்ந்த சுப்பராவ் அத்தலைமுறையினர். இந்தியாவின் பிரதேசங்களுக்கிடையேயான சமனற்ற வளர்ச்சியைப் புவியியலடிப்படையில் விளக்க முயன்ற அவரது நூல் 1950களில் பெரும் விவாதத்தைக் கிளப்பிற்று. தேவ், அன்சாரி, தவலிகர், மிஸ்ரா ஆகியோரும் இம்மரபின் வழிவந்தோரே. தாவரவியல், விலங்கியல், மண்ணியல் ஆய்வுகூடங்கள் தொல்லியற் பகுதியினுள்ளேயே படிப்படியாக உருவாயின.

5

பாராட்டுடன் நின்றுவிடுதல் ஆய்வாகாது.

நவ்தாதோலியில் நீண்ட மூக்குடைய கிண்ணங்கள் கிடைத்தன. அவற்றை ஈரானின் சில தொல்லிடங்களின் கிண்ணங்களோடு ஒப்பிட்ட சங்காலியா, மேற்காசியத் தொடர்பையும், மக்கட் பெயர்வையும், ஒருவேளை ஆரியரின் வருகையையுமே அவற்றிற் காண முற்பட்டார். பானையின் வடிவம் மாறினால் மக்கள் மாறினர் என்ற ஊகம் இதன் அடியில் உள்ளது. ஐரோப்பியத் தொல்லியலில் இவ்வூகத்துக்குச் செல்வாக்குத் தேடித் தந்தவர் ஒரு மார்க்சியரே என்பது வரலாற்றின் முரண்நகை. கோர்டன் சைல்ட் தமது தொடக்கக் கால நூல்களில் பண்பாட்டையும் மக்களையும் நெருக்கமாக இணைத்தார். பின்னர் 1930களில் உற்பத்திச் சக்திகளின் வளர்ச்சியை முதன்மைப்படுத்தி அதனினின்றும் விலகினார். சைல்டின் முதற்பாதியை ஏற்ற இந்தியத் தொல்லியல் பிற்பாதியை நெடுங்காலம் ஏற்கவில்லை.

அதே பூனா நகரில் அப்பிற்பாதியை வேறு வழியில் வந்தடைந்தவர் தாமோதர் தர்மானந்த கோசாம்பி. தொழிலால் கணிதவியலர், பம்பாய் ராட்டா ஆய்வு நிறுவனத்திற் பணி, வார இறுதிகளில் பூனாவைச் சூழ்ந்த குன்றுகளில் நுண்கற்கருவிகள் பொறுக்குதல். அவர் பெரும் அகழ்வெதையும் நடாத்தவில்லை. ஆயின் நுண்கற்கருவிகள் கிடைத்த தடங்களையும், இடையர் பருவந்தோறும் ஆடுமாடுகளுடன் சென்ற வழிகளையும், சிறுதெய்வக் கற்கள் நிற்கும் இடங்களையும், பௌத்தக் குகைகளின் அருகால் சென்ற வணிகப் பாதைகளையும் ஒரே படத்தில் இட்டு நோக்கினார். உற்பத்திச் சாதனங்களிலும் உற்பத்தி உறவுகளிலும் ஏற்படும் தொடர்ச்சியான மாற்றங்களைக் கால அடைவிற் கூறுவதே வரலாறு என 1956 இல் அவர் வகுத்த வரைவிலக்கணம் நம்முள் பலரும் அறிந்தது.

சங்காலியாவிடம் சான்று இருந்தது. கோசாம்பியிடம் வினா இருந்தது. இவ்விரண்டும் ஒரே நகரில் இருந்தும் முழுமையாக இணையாமற் போனமை இந்தியச் சமூக வரலாற்றாய்வுக்கு ஏற்பட்ட இழப்பென்றே நாம் கருதுகிறோம். எனினும் கோசாம்பியை உயர்த்துவதற்காகச் சங்காலியாவைத் தாழ்த்தும் வழக்கம் நமது முற்போக்கு வட்டாரங்களில் உண்டு, அது நேர்மையானதன்று. எண்ணிட்டு அடுக்கப்பட்ட ஓடுகளும் ஒழுங்கான அறிக்கைகளும் இருப்பதாற்றான், அவர் கேட்காத வினாக்களை இன்று நாம் அவரது சான்றுகளிடமே கேட்க முடிகிறது. கோட்பாடு செம்மையாக இருந்தும் பதிவு ஒழுங்கற்றுப்போன அகழ்விடம் எதனைக் கேட்பது? ஓய்வுபெற்ற பின்னரும் சங்காலியா கற்பதை நிறுத்தவில்லை. மேலைநாடுகளில் எழுந்த ‘புதிய தொல்லியல்’ பற்றியும் இந்தியாவில் அதனைப் பிரயோகிப்பது பற்றியும் 1977 இல் ஒரு நூல் எழுதினார். மறு ஆண்டு தன்வரலாறு வெளிவந்தது.

ஈழத்து வாசகருக்குச் சுவையான செய்தி ஒன்று. இராமாயணம் பற்றி 1973 இல் வெளியிட்ட நூலில், இராவணனது இலங்கை இந்நாடன்று, மத்திய இந்தியாவிலேயே அதனைத் தேட வேண்டும் என்று அவர் வாதிட்டார். மக்களின் பெருநம்பிக்கை ஒன்றினுக்கெதிராகச் சான்று கேட்ட துணிவு போற்றற்குரியது. இடம் குறித்த அவரது முடிவும் ஊகமே என்பது வேறு.

6

பூனாவுக்கும் நமக்கும் உள்ள தொடர்பு வெறும் ஒப்புமை அன்று. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராக விளங்கிய சி. க. சிற்றம்பலம் இலங்கையின் பெருங்கற்பண்பாடு பற்றிய தமது கலாநிதிப்பட்ட ஆய்வினைப் பூனாவிலேயே செய்தார். 1974 இல் யாழ்ப்பாண வளாகம் தோன்றியதைத் தொடர்ந்து இங்கும் பிரதேசத் தொல்லியல் கால்கொண்டது. கந்தரோடையில் போல் பீரிஸ் இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டிலும், பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தினர் 1970 இலும் பணியாற்றியிருந்தனர். 1980களின் தொடக்கத்தில் இந்திரபாலாவின் தலைமையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் ஆனைக்கோட்டையில் ஈமப் புதையல்களை அகழ்ந்தனர். பிராமி எழுத்துப் பொறித்த முத்திரை அங்கு கிடைத்தது. பொ. இரகுபதி குடாநாட்டின் ஆதிக் குடியிருப்புகளை மேலாய்வு செய்து எழுதிய நூல் 1987 இல் வெளிவந்தது.

நவ்தாதோலிக் கிண்ணத்துக்கு நேர்ந்ததே இங்கு கறுப்பு - சிவப்பு மட்பாண்டத்துக்கும் நேர்ந்தது. பொம்பரிப்பிலும், அனுராதபுரத்தின் அடிப்படைகளிலும், கந்தரோடையிலும், கடலுக்கப்பால் ஆதிச்சநல்லூரிலும் கிடைக்கும் பாண்டவகை அது. பேரினவாதம் அதனைக் காணாதது போற் பாவித்தது. அன்றித் தனதாக்கிக் கொண்டது. தமிழ்த் தேசியமோ ஓட்டைக் கண்டவுடன் தமிழன் என்றது. இரு தரப்பாரும் ஓட்டிடம் கேட்டது ஒரே வினா: நீ யாருடையவன்? நீ எவ்வாறு செய்யப்பட்டாய், உன்னுள் என்ன சமைக்கப்பட்டது, உன்னை வனைந்தவனுக்கு நெல் எங்கிருந்து வந்தது, இரும்பு எவ்வழி வந்தது என்ற வினாக்கள் பின்தள்ளப்பட்டன. சான்றுக்குத் தலைவணங்கும் ஆய்வாளர் எவ்வாறு நடந்துகொள்வார் என்பதற்கு இந்திரபாலாவே உதாரணம். இலங்கையில் திராவிடக் குடியேற்றங்கள் பற்றி 1965 இல் இலண்டனில் அளித்த ஆய்வேட்டின் கருத்துகளைப் பின்னர் கிடைத்த தொல்லியற் சான்றுகளின் வழியே மீள நோக்கி, 2005 இல் வெளியிட்ட நூலில் அவர் மாற்றியமைத்தார். சிங்களவர், தமிழர் என்னும் இரு அடையாளங்களும் பொதுவான ஆதி இரும்புக்கால அடித்தளத்திலிருந்து படிப்படியாக உருவானவை என்ற அவரது விளக்கம் இரு தரப்பு வீரர்களுக்கும் உவப்பளிக்கவில்லை.

நமது மாணவருடன் வலிகாமத்துக் கிராமமொன்றின் ஊடாக நடந்துசென்ற ஒரு நாளில், வீட்டு அத்திவாரத்துக்காக வெட்டிய மண் ஒழுங்கையில் குவிக்கப்பட்டிருந்தது. அதில் கறுப்பும் சிவப்புமான ஓடுகள். மாணவர் ஆரவாரத்துடன் பொறுக்கினர். வீட்டுக்கார அம்மா நம்மைச் சந்தேகத்துடன் நோக்கி, ‘தம்பியவை, இதைச் சொல்லி எங்கட காணியை எடுத்துப்போடுவினமோ?’ என்றார். அந்த அச்சம் அறியாமையன்று. தொல்பொருளின் பெயரால் காணிகள் எல்லையிடப்பட்டதைக் கண்ட, இடம்பெயர்ந்து மீண்டு வந்த ஒருவரின் அறிவு அது. பாண்டரி மேட்டைக் காட்டித் தந்த தக்கணத்து உழவருக்கும் தொல்லியலாளருக்குமிடையே நிலவிய நம்பிக்கை இங்கு குலைந்து கிடக்கிறது. மேலாய்வுக்கு நில அளவைப் படத்தினும் முதன்மையான கருவி அந்நம்பிக்கையே. அன்று நாம் பொறுக்கிய ஓடுகளை அவ்வம்மாவின் திண்ணையிலேயே விரித்து வைத்து, எது பானையின் விளிம்பு, எது மூடி என்று காட்டிவிட்டுத் திரும்பினோம். அவர் சிலவற்றைத் தாமே வைத்துக்கொண்டார்.

அறிக்கை பற்றி ஒன்று. மாந்தையில் ஜோன் கார்சுவெலின் குழுவினர் 1980 இல் தொடங்கிய அகழ்வு 1984 இல் போரினால் நின்றுபோயிற்று. முழு அறிக்கை 2013 இலேயே அச்சேறிற்று. இடைப்பட்ட ஏறத்தாழ முப்பது ஆண்டுகளும் இந்துசமுத்திர வணிகம் பற்றி எழுதியோர் முற்குறிப்புகளை வைத்தே எழுத வேண்டியிருந்தது. இனாம்காவின் அகழ்வு 1980களின் தொடக்கத்தில் முடிந்தது. அதன் பேரறிக்கை இரு பகுதிகளாக 1988 இல் வெளிவந்தது. சங்காலியா 1989 சனவரியில், பூனாவில், காலமானார்.